அம்பு இல்லாத செபஸ்தியார்

"செருப்பு...! செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க!"

அய்யப்பன் திடுக்கிட்டு நின்றான். குரல் வந்ததே தவிர ஆளைக் காணோம். ஆள் இல்லாத சின்னக் கோயில்... அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்ட் தரை... அந்தத் தரையில் வாசலில் இருந்து அவன் நிற்கிற இடம் வரை ஏழு சேற்றுத் தடம். ஏழும் அவனுடையது.

நிமிர்ந்தான். ஏணியின் உச்சியில் ஒட்டடைக் குச்சியோடு ஒருத்தி நின்றாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். நெற்றியில் ஒரு கோடு கரி. அந்தக் கண்கள் இருக்கின்றனவே... கோபப்படுவதற்கென்றே கடவுள் அத்தனை பெரிதாய்ப் படைத்திருக்க வேண்டும். மழை வெளியில்தான் பெய்கிறது என்று நம்பி உள்ளே ஓடி வந்தவனுக்கு, உள்ளேயும் சாரல் அடித்தது.

"இல்லீங்க... மழைங்க..."

"மழைன்னா? மழை வந்தா மாதா கோயிலு மாட்டுக் கொட்டாய் ஆயிடுமா? காலையிலேர்ந்து மூணு தபா கழுவினு கீறேன்!"

அவன் என்ன செய்வான், பாவம். அது எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டம் முழுக்க ஒரு வாரம் சாலை மறியல். கள்ளக்குறிச்சியில் இருந்து கிளம்பிய டவுன் பஸ், கச்சிராயபாளையத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது, ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தைப் பார்த்து நின்றுவிட்டது. "இனிமே அவங்கவங்க காலுதான் பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர, சட்டைப் பையில் ஆர்டரும் தலையில் தகரப் பெட்டியுமாக நடந்தவனை மழை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் கதை. அதாவது, அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் திரும்பியவன் அப்படியே நின்றான். அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்... அவன் காதில் விழவில்லை. அவன் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பின்னால் இருந்த சுவரை.

ஆள் உயரத்தில் ஓர் எண்ணெய்ச் சாய ஓவியம். கட்டிலில் இறந்து கிடக்கும் ஓர் இளம் வீரன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் முட்டியில் சாய்ந்த ஒரு குழந்தை. தரையில் கழற்றிப் போட்ட தலைக்கவசம், வாள்.

"இது... இது எப்டிங்க இங்க வந்துச்சி?"

"எது?"

"இந்தப் படம்!"

"எங்க செபஸ்தியாரா? நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிரெஞ்சு சாமியாரு பாண்டிச்சேரியில இருந்து மாட்டு வண்டியில கொண்ணாந்தாராம்."

"செபஸ்தியாரா?" அய்யப்பன் சிரித்துவிட்டான். வாழ்க்கையில் சில சிரிப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. இது அந்த வகை. "ஏங்க, செபஸ்தியாருன்னா ஒடம்பெல்லாம் அம்பு குத்திக்கினு இருக்கணுமே... அம்பு எங்கங்க?"

"புடுங்கியாச்சு."

"இன்னாது?"

"அம்பெல்லாம் புடுங்கி எடுத்தாச்சு. அதுக்கப்புறம் நடக்கறது இது. பக்கத்துல குந்திக்கினு கீறாங்களே, அவங்க வைத்தியம் பாத்தவங்க. அவரு பட்டாளத்துக்காரரு, அதான் கத்தி கீழ கெடக்குது. தெரியாம இன்னா இளிப்பு?"

"அந்தக் கொழந்த?"

ஒரு விநாடி தடுமாறினாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "ஏன்... வைத்தியம் பாக்கறவங்களுக்குப் புள்ள இருக்கக் கூடாதா?"

அழகான பதில்! அய்யப்பனே ஒரு கணம் நம்பிவிட்டான். ஆனால் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்த கர்வம் சும்மா விடுமா? "இது செபஸ்தியார் இல்லீங்க. கிரேக்க நாட்டுப் புராணம். எங்க காலேஜ் பொஸ்தகத்துல இந்தப் படத்த உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு வெள்ளையில பாத்துக் கீறேன். இது யாரோ அதப் பாத்து வரைஞ்ச நகல். செத்துக் கெடக்கறவரு ஒரு இளவரசரு. அது அவரு பொண்டாட்டி. அந்தப் புள்ள..."

"மெதுவா பேசுங்க!"

அவள் எப்போது ஏணியில் இருந்து இறங்கினாள் என்றே தெரியவில்லை. முகத்துக்கு நேராக நின்றாள். கோபம் போய், அந்தக் கண்களில் இப்போது பயம் இருந்தது.

"வெளிய எங்கம்மா கீறாங்க. அவங்க காதுல இது வுழக் கூடாது."

அவள் பெயர் உபகாரமேரி. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து அப்பா போய்விட்டார். அன்றில் இருந்து இருபது வருஷமாக அவள் அம்மா சாலம்மாள் தினம் சாயங்காலம் அந்தப் படத்துக்கு முன்னால்தான் வந்து உட்காருவாள். பேசுவாள், அழுவாள், எழுந்து போய் உலை வைப்பாள். அம்மா உயிரோடு நடமாடுவதே அந்தப் படத்தால்தான் என்பது மகளின் எண்ணம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை புதுப் பங்குச் சாமியார் பூசைக்கு வருகிறார். படித்தவர், கண்டிப்பானவர் என்று பேச்சு. படத்தில் இருப்பது புனிதர் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே கீழே இறக்கிவிடுவார். பிறகு அம்மா எங்கே போய் உட்காருவாள்?

"அதனால, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுங்க."

அய்யப்பன் அந்தக் கண்களைப் பார்த்தான். படித்த படிப்பெல்லாம் அந்தக் கணத்தில் ரொம்பச் சின்னதாய்த் தெரிந்தது.

"சத்தியமா சொல்ல மாட்டேங்க" என்றான்.

*

மறியல் முடிகிற வரை அவனுக்கு உபதேசியார் வீட்டில் இடம் கிடைத்தது. கோயிலில் ஜெபம் சொல்கிற உபதேசியார் தைரியநாதன், சாலம்மாளின் அண்ணன். முதலில் அவர் முகம் கொடுக்கவில்லை. "எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள, எதுவும் தெரியல. நாடு கெட்டுக் கெடக்கற நேரத்துல..." என்று இழுத்தார்.

"களமருதூருங்க. நெல்லு வெவசாயம். எங்கண்ணன் உளுந்தூர்பேட்டையில ரோட்டுல குந்திக்கினு மறியல் பண்ணிக்கினு கீறான். நான் அதே மறியல்ல இங்க மாட்டிக்கினேன்."

சாலம்மாள் சிரித்துவிட்டாள். "அண்ணே, நம்ம புளியமரத்த வெட்டினவன் வேற யாரோ. இந்தத் தம்பிக்கு ஒரு வாய் சோறு குறைஞ்சா பூடும்?"

சாப்பிட்ட சோற்றுக்குப் பதிலாக, படத்தில் ஏறியிருந்த மெழுகுவத்திக் கரியைத் துடைத்துத் தருகிறேன் என்றான் அய்யப்பன். மறுநாளே ஆரம்பித்தான். வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, தொட்டுத் தொட்டு எடுத்தான். தேய்க்கவே இல்லை. மேரி பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியோடு உட்கார்ந்தாள். காவலுக்காம். வாக்குக் கொடுத்தவன் வாயை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! யாருக்குச் சொல்கிறாய், பெண்ணே...

அன்று படத்தின் தரைப் பக்கம் துடைக்கையில் தலைக்கவசம் பளிச்சென்று வந்தது. அவள்தான் கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

"அந்தக் கதை இன்னா? சும்மா... தெரிஞ்சிக்கலாம்னு."

அவன் சொன்னான். பத்து வருஷமாகக் கோட்டையைச் சுற்றி எதிரிப் படை. கோட்டையைக் காத்தவன் இவன். கடைசிச் சண்டைக்கு முன்பு ஒருநாள், வாசல்வரை வந்து போகாதே என்று கெஞ்சியிருக்கிறாள் மனைவி. தலைக்கவசத்தைப் பார்த்துக் கைக்குழந்தை வீரிட்டு அழுததாம். அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினானாம்.

"அதாங்க இந்தத் தலைக்கவசம். இப்பவும் கீழதான் கெடக்குது. ஆனா தூக்கிக் கொஞ்ச ஆளு இல்ல."

மேரி அடுத்த துணியைச் சட்டியில் நனைத்தாள். வெளியே மழை பேசிக்கொண்டிருந்தது.

"பாருங்க..." அவன் குரலில் பக்தி மாதிரி ஒன்று வந்திருந்தது. "கட்டில் நேர்கோடு. செவுரு நேர்கோடு. தூணு நேர்கோடு. எல்லாமே வெறைச்சி நிக்குது. அந்தம்மா கழுத்தும் கையும் மட்டுந்தான் வளையுது. மாரடிக்கல, தலைய விரிச்சிப் போடல. வரைஞ்சவன் வெளிச்சம் மொத்தத்தையும் அந்த ரெண்டு பேரு மேலயே வுட்டிருக்கான். இவ்ளோ துக்கத்த இவ்ளோ அமைதியா உக்கார வச்சிருக்கான் பாருங்க... இதப் பாத்தப்புறந்தான் படம்னா இன்னான்னே எனுக்குப் புரிஞ்சுச்சி."

"நீங்க அந்தப் புள்ளயப் பாக்கலியே" என்றாள் மேரி.

"புள்ளயா?"

"அது அவங்கப்பாவப் பாக்கல பாருங்க. அம்மாவத்தான் பாக்குது. கைய அம்மா மாருல வச்சிக்கினு... அதுக்கு அப்பா செத்தது இன்னும் புரியல. அம்மா அழுவறது மட்டுந்தான் புரியுது. அம்மா அழுவக் கூடாது, அவ்ளோதான் அதுக்கு." அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "எனுக்குத் தெரியும்."

அய்யப்பன் படத்தைப் பார்த்தான். நான்கு வருஷம், எத்தனை வாத்தியார், எத்தனை புத்தகம்... ஒருவரும் அந்தக் குழந்தையின் பார்வையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனும் பார்த்ததில்லை. அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அடடா, விழுந்தான்! எந்த இடத்தில் விழுந்தான் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அன்று மதியம் தைரியநாதன் பேச்சுவாக்கில் சொன்னார், மேரிக்கு வந்த மூன்று வரனை அவளே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்று. "ஆத்தாள வுட்டுட்டு வர மாட்டாளாம். இப்பவும் முந்தானையப் புடிச்சிக்கினே நிக்கறா."  எத்தனை வருஷம் காத்திருந்தாலும், படத்துக் குழந்தை மாதிரி, அம்மாவின் முட்டியை விட்டு அவள் நகர மாட்டாள் என்று அய்யப்பனுக்குத் தோன்றியது.

மேரிக்கு? அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்ததாம்! மறியல் முடியக் கூடாது என்று செபஸ்தியாரிடமே வேண்டிக்கொண்டாள். பிறகு, இவர் செபஸ்தியார் இல்லையே என்று நினைவு வந்து தனியாகச் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகம் நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

*

ஏழாம் நாள் காலை மரத்தை அகற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அய்யப்பன் தகரப் பெட்டியோடு விடைபெறக் கோயிலுக்கு வந்தான். எதையோ சொல்ல வந்தான்... தொண்டை வரை வந்தும்விட்டது. அப்போதுதான் தைரியநாதன் ஏணியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"மேரி, இது செபஸ்தியார் இல்லியாமே. யாரோ கிரேக்கத்தானாமே! முப்பது வருஷமா நான் ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக்கினு இருந்திருக்கேன். சாமியாரு வர்றதுக்குள்ள நானே எறக்கிடறேன்."

மேரி அய்யப்பன் பக்கம் மெல்லத் திரும்பினாள். "வாக்கு குடுத்தீங்களே..."

அய்யப்பன் அவளைப் பார்த்தான். 

"படிச்சவருன்னு காட்டிக்கணும், இல்ல? எங்கம்மா எக்கேடு கெட்டா உங்களுக்கு இன்னா!"

'நான் சொல்லலை' என்று இரண்டே வார்த்தை. அதைச் சொல்லித்தான் அவள் நம்ப வேண்டும் என்றால் அந்த நம்பிக்கை எதற்கு... ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது பிள்ளைக்கு. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தான். விறுவிறுவென்று மழையில் இறங்கிப் போய்விட்டான்.

"அந்தத் தம்பிய ஏம்மா திட்டற?" என்றார் தைரியநாதன். "அது வாயே தொறக்கல. நீதான் நேத்து வௌக்கு வச்ச நேரத்துல படத்துக்கு முன்னாடி நின்னுக்கினு, 'யம்மா, நீ கிரேக்க நாட்டுக்காரியாம், ஒன் புருசன் செபஸ்தியார் இல்லியாம், ஆனாலும் என் மனசுல இருக்கறத ஒங்கிட்டதான் சொல்லணும்'னு பேசிக்கினு இருந்தே. நான் பின்னாடி ஜெப பொஸ்தகம் எடுக்க வந்தேன்."

 மேரி திரும்பினாள். கண் படத்தில் விழுந்தது. மூலை முடுக்கெல்லாம் பளபளவென்று இருந்தது. சட்டத்தின் கீழே ஒரே ஓர் இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பழைய கரி அப்படியே இருந்தது. விரலால் தேய்த்தாள். பித்தளைத் தகடு. அதில் பிரெஞ்சு எழுத்தில் அந்தப் பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது.

யார் வந்து பார்த்தாலும் தெரியக் கூடாது என்று, அதை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறான். தன் படிப்பை, தன் கர்வத்தை, அந்தக் கரிக்குக் கீழே விட்டுவிட்டு... அவளுக்காக.

"இன்னாடி அழுவற?"

வாசலில் சாலம்மாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

"அம்மா... இது... இவரு செபஸ்தியார் இல்லம்மா."

"அது எனுக்குத் தெரியாதா?"

அண்ணனும் மகளும் அவளைப் பார்த்தார்கள்.

"செபஸ்தியாருன்னு சொன்னதெல்லாம் அண்ணன்தான். நான் அவரப் பாக்கவா வந்தேன்? அவளப் பாக்க வந்தேன்." சாலம்மாள் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அந்தக் கையப் பாருங்க. வைத்தியம் பாக்கறவ கையா அது? ஒங்கப்பாவக் கொல்லையிலேர்ந்து தூக்கியாந்து போட்டாங்களே, அன்னிக்கு என் கை இப்டித்தான் இருந்துச்சி. மொத நாளே தெரியும், இவ பொண்டாட்டின்னு. நம்மள மாதிரி ஒருத்தி இருக்கறாளேன்னு வந்து குந்துவேன். எறக்குங்க அண்ணே. புள்ளைங்க ஞானோபதேசம் படிக்கற ரூம்ல மாட்டுங்க. மெழுவத்தி வாணாம். சாமிகிட்ட பேசறத இங்க பேசிக்கறேன், இவகிட்ட பேசறத அங்க பேசிக்கறேன்."

தைரியநாதன் ஏணியைச் சாய்த்து வைத்தார்.

சாலம்மாள் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். "இந்தப் புள்ளையையும் இருவது வருஷமா பாக்கறேன்டி. ஆத்தா முட்டியப் புடிச்சிக்கினே நிக்குது. பாவம், படத்துல இருக்கறது எப்டி வளரும்? ஒனுக்கு இன்னா வந்துச்சி? நீ வளந்துட்டியே... அந்தத் தம்பி சோறு துன்னும்போது உன் மூஞ்சியத்தானே பாத்துக்கினு இருந்துச்சி. எனுக்குக் கண்ணு இல்லியா?"

"அம்மா..."

"நம்ம வேதம் இல்ல, நம்ம சனம் இல்ல. சண்ட வரும். அத நான் பாத்துக்கறேன். நீ போ."

மேரி ஓடினாள். வாசலில் ஏதோ காலில் இடறியது. குனிந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

*

கச்சிராயபாளையம் பஸ் நிலையத்தில் மலைக்குப் போகிற பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் காத்திருந்த கூட்டம் முட்டி மோதி ஏறியது. தூரத்தில் கல்வராயன் மலை மழைக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றது. அய்யப்பன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஏறவும் மனசில்லை, திரும்பவும் முகமில்லை.

"சார்!"

நிமிர்ந்தான். நனைந்த புடவை, மூச்சு வாங்கும் தோள், மழையா கண்ணீரா என்று தெரியாத கண்கள்... கையில் அவனுடைய செருப்பு. அப்போதுதான் தன் வெறுங்காலைப் பார்த்தான் அவன். மூன்று மைலும் கல்லும் முள்ளும் மிதித்து வந்திருக்கிறான், ரோஷத்தில் தெரியவே இல்லை!

"கோயில்லயே வுட்டுட்டுப் பூட்டீங்க."

"நீங்கதானே வெளிய வுடச் சொன்னீங்க."

"வுடத்தான் சொன்னேன். வுட்டுட்டுப் போவவா சொன்னேன்?" முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். "நீங்க சொல்லல. நான்தான் உளறிட்டேன். அந்தத் தகட்டப் பாத்தேன். என்ன மன்னிச்சிடுங்க."

அய்யப்பன் எழுந்தான். சட்டைக்குள் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். பென்சிலில் வரைந்திருந்தான். கட்டில் இல்லை, வீரன் இல்லை, வாள் இல்லை. அம்மாவை அண்ணாந்து பார்க்கும் அந்தக் குழந்தை மட்டும்.

"நாலு வருஷம் படிச்சும் இத நான் பாக்கல, மேரி. நீங்க காட்டினதுக்கப்புறம் வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. இனிமே எந்தப் படத்தப் பாத்தாலும் பக்கத்துல நீங்க இல்லன்னா எனுக்குப் பாதிதான் தெரியும்... எனுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. உங்கம்மாவ வுட்டுட்டு வாங்கன்னு கேக்கல. அவங்களயும் சேத்துதான் கேக்கறேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். "மலைக்கு வர்றவங்க ஏறு! ஏறு!"

"நீங்க... செருப்பு குடுக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டான் அவன், மெதுவாக.

மேரி தாளை மடித்து, நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கண்கள் ஒருமுறை தாழ்ந்து, பிறகு நேராக அவனைப் பார்த்தன.

"ஒரு பழஞ்செருப்பக் குடுக்கறதுக்கு மழையில எவளாச்சும் மூணு மைலு ஓடி வருவாளா? புடிச்சிருக்கு... எனுக்கும் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம வாங்க. அம்மா கையால சோறு." அவள் செருப்பை நீட்டினாள். "போட்டுக்கினு வாங்க. வாசல்ல வுட்டீங்கன்னா, திரும்பிப் போறப்ப நானும் கூட வருவேன்."

பஸ் கிளம்பியது. அய்யப்பன் படிக்கட்டில் தொற்றிக்கொண்டே, மலைத் திருப்பம் வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். செருப்பை இன்னும் கையில்தான் பிடித்திருந்தான்.